உறை ஊற்றாத கரைசல்

மாதேஷுக்குத் தன் மனைவி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பங்காளி மேல் பொறாமை வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். ஒரே குழம்பைச் சாப்பிட்டு, ஒரே வண்டியில் ஏறி, ஒரே ஆலைக்கு வேலைக்குப் போகிறவள் மேல் வந்தால் என்ன செய்வது? சிரித்துக்கொண்டே வயிறு எரிய வேண்டியதுதான். அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

தருமபுரிக்கு மேற்கே நாகமரத்தூர். கம்பி வழியாக வீட்டுக்கு மின்சாரம் வந்த காலம் போய், வீட்டுக்கு வீடு துத்தநாகப் பெட்டி வந்துவிட்ட காலம். பெட்டிக்குள் தகடுகளை அடுக்கி, மருந்துப் பொடி கலந்த தண்ணீரை ஊற்றினால் அது காற்றைக் குடித்து விளக்கு எரிக்கும், மிக்ஸி ஓட்டும். ஒரு வாரத்தில் தகடு கரைந்து சாம்பல் நிறக் கூழாகிவிடும். ஊரில் அதற்கு மாவு என்று பெயர். மாவை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்து ஆலையில் கொடுத்துவிட்டுப் புதுத் தகடு வாங்கி வர வேண்டும். ஆலையில் மாவை அமிலத்தில் கரைப்பார்கள். அந்தக் கரைசலை அங்கே எல்லோரும் ரசம் என்பார்கள். பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை அதில் பாய்ச்சினால், துத்தநாகம் அலுமினியப் பலகைகளின் மேல் படியும். மாலையில் உரித்தெடுத்தால் மறுபடியும் தகடு.

உரிப்பது என்பது காய்ந்த கல்லிலிருந்து தோசை வருவது மாதிரி வர வேண்டும். ரசத்தில் ஃபுளோரைடு கூடிவிட்டால் வராது. அலுமினியத்தின் மேலே இயற்கையாக ஒரு மெல்லிய தோல் உண்டு. ஃபுளோரைடு அதைத் தின்றுவிடும். அப்புறம் துத்தநாகம் பலகையோடு பிடித்துக்கொள்ளும். உளியால் அடித்தால் பலகை கிழியும், ஆளுக்குக் கை கிழியும்.

ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது? அந்தச் சீமை நிலத்தடி நீரிலேயே அது உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பழைய தலைமுறைக்கெல்லாம் பல் பழுப்பு, முழங்கால் வளைவு. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த பிறகுதான் ஊரில் பிள்ளைகள் வாயைத் திறந்து சிரித்தார்கள். ஆனால் ஆற்றுத் தண்ணீர் குடிக்க மட்டும். பெட்டிக்கு யார் குடிதண்ணீரை ஊற்றுவார்கள்? போதாதற்கு, மாவுப் பாத்திரத்தைக் கிணற்று நீரில் அலசி, அலசின தண்ணீரையும் சேர்த்தே கொண்டுவந்து ஊற்றினார்கள். கழுவ வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்று சங்கம் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிப் பார்த்தது. அடுத்தவர் ஏனத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுக்க நாங்கள் என்ன அப்படியா வளர்ந்தோம் என்று பெண்கள் கேட்டார்கள். மரியாதை தெரிந்த ஊர். அந்த மரியாதையோடு ஃபுளோரைடும் வாராவாரம் ஆலைக்குள் வந்து சேர்ந்தது.

இதைச் சரிசெய்யும் பொறுப்பு அம்சவேணியுடையது. அவள்தான் கரைசல் பொறுப்பாளர். மாதேஷ் அவளுக்குக் கீழே, பரிசோதனைக் கூடத்தில்.

அவள் அவனுக்கு மாமன் மகள். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் வேதியியல் படித்தவர்கள். அவனுக்குத்தான் மதிப்பெண் அதிகம். தேர்வுக்கு முன்னால் அவளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் அவன். பொறுப்பாளர் வேலை காலியானபோது இருவரும் விண்ணப்பித்தார்கள். நேர்காணலில் சங்கத் தலைவர் தீர்த்தகிரி கேட்ட ஒரு கேள்விக்கு இருவருக்குமே விடை தெரியவில்லை. தெரியாத விடையை மாதேஷ் கால் மணி நேரம் பேசினான். அம்சவேணி, தெரியாதுங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள். வேலை அவளுக்குப் போனது. அவன் அதைப் பெண் என்று பார்த்துக் கொடுத்த சலுகை என்று முடிவு கட்டினான். ஊரில் அதற்குப் பிறகு அவனுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. கல்யாண வீட்டில், கறிக்கடையில், எங்கும் ‘மேடம் வீட்டுக்காரர்’தான்.

அவளை அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. அதுதான் சங்கடம். காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான். யாராவது அவள் வேலையைப் புகழ்ந்தால் மட்டும் அன்று சோறு இறங்காது.

அம்சவேணி ஒரு வழி கண்டுபிடித்தாள். ரசத்தில் மக்னீசியம் உப்பைச் சேர்த்தால், அது ஃபுளோரைடோடு சேர்ந்து மக்னீசியம் ஃபுளோரைடாகிக் கீழே படியும், வடிகட்டி எடுத்துவிடலாம். சங்கக் குழு கூடியபோது தீர்த்தகிரி, இது புத்தகத்தில் இருப்பதுதானே, இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்டார்.

“புஸ்தகத்துல இருக்கறது வெறும் தண்ணிக்குங்க தலைவரே,” என்றாள் அம்சவேணி. “நம்ம ரசத்துல ஏற்கெனவே துத்தநாகம் கெட்டியா நிக்குது. தண்ணியில கரையறத விட அதுல கீழ படிய வேண்டிய உப்பு நெறையவே கரையும். புஸ்தகக் கணக்குப்படி போட்டா ஒன்னும் படியாது. எவ்ளோ கரையும்னு நானே என் குவளையில ஒவ்வொரு பதத்துலயும் போட்டுப் பாத்துட்டேன். கணக்கு கைல இருக்கு.”

குழுவில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாதேஷும் ஆட்டினான். உள்ளுக்குள், இதில் ஒரு ஓட்டையாவது இருக்காதா என்று ஏங்கினான்.

ஓட்டையைத் தேடித்தான் அவன் அதே சோதனையைத் தன் கூடத்தில் புதுப் பாட்டிலில் செய்து பார்த்தான். அவள் சொன்ன பதம், அவள் சொன்ன அளவு. ஒன்றும் படியவில்லை. வடிகட்டினான், துளி வண்டல் இல்லை. அவள் குவளையில் முற்பகலுக்குள் படிந்தது இங்கே ஏன் படியவில்லை? பாட்டிலை மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்தும் போனான். சில நாள் கழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கனமாகப் படிந்து கிடந்தது.

அப்போது அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. அவள் அறைக்குப் போய், அவள் இல்லாத சமயம் அந்தக் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உள் சுவரில் பனி மூட்டம் போல ஒரு வெள்ளைப் படலம். எத்தனையோ சோதனை செய்த குவளை; முந்தைய உப்பின் பொடி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதுதான் உறை மோர். பாலுக்கு உறை ஊற்றினால் தயிராகிற மாதிரி, பழைய உப்பு கொஞ்சம் இருந்தால் புது உப்பு அதைப் பற்றிக்கொண்டு சட்டென்று படியும். இல்லாவிட்டால் படிய வேண்டியது படியாமல் கரைசலிலேயே நின்று, வடிகட்டியைத் தாண்டிப் போய், அப்புறம் எங்கேயோ நிதானமாகப் படியும். ஆலையின் புதுத் தொட்டியில் உறை ஏது? குழாய்க்குள்தான் படியும். தன் வெள்ளை வண்டலில் ஒரு சிட்டிகையைப் புதுப் பாட்டிலில் போட்டுப் பார்த்தான். சாப்பாட்டு மணிக்குள் படிந்துவிட்டது.

நல்லவனாகத்தான் ஓடினான். அதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டை கிடைத்த சந்தோஷத்தை விட, புதிர் அவிழ்ந்த சந்தோஷம் பெரிதாக இருந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி அவள் அறைக் கதவைத் திறந்தான். உள்ளே தீர்த்தகிரியும் சேலத்திலிருந்து வந்த பெரிய பொறியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“மாமா, நல்ல நேரத்துக்கு வந்த. இவங்களுக்கு டீ சொல்லிட்டு வந்துடறியா? ஒன்னு சர்க்கரை இல்லாம.”

அவள் மனதில் ஒன்றும் இல்லை. வீட்டில் விருந்தாளி வந்தால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவனும் போய் டீ சொன்னான். சர்க்கரை இல்லாததையும் மறக்காமல் சொன்னான். பிறகு பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பி, பாட்டிலை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

கொஞ்சம் குழாய் அடைக்கும், பெரியவர்கள் முன்னால் கொஞ்சம் முழிப்பாள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை என்பது உண்மை.

திட்டம் தொடங்கியது. முதலில் எல்லாம் தெளிவாக ஓடியது. வடிகட்டியில் வண்டல் குறைவாக விழுகிறதே என்று அம்சவேணி முகம் சுருக்கினாள். அவள் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே குளிர்விக்கும் குழாய்கள் உள்ளே கல்லாக அடைத்துக்கொண்டன. பாதி ஆலை நின்றது. வீட்டுக்குக் கிடைக்கும் தகடு பாதியானது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் முழு அளவு; மற்றவர்கள் பொழுது சாய்ந்தால் இருட்டில் உட்கார்ந்தார்கள்.

இனிதான் மாதேஷ் எதிர்பாராதது நடந்தது. தீர்த்தகிரி குழுவைக் கூட்டினார். ஃபுளோரைடை உள்ளே வரவிட்டு வெளியே எடுக்கப் பார்ப்பதைவிட, வராமலே தடுப்போம் என்றார். பெட்டிக்கும் ஆலைக்கும் ஆற்றுத் தண்ணீர். ஊர் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்கு ஒரு வடிகட்டிக் குடம் கொடுத்துவிடலாம். தற்காலிகமாகத்தான் என்றார். அம்சவேணி எழுந்து, வேண்டாங்க, குழந்தைங்க இருக்காங்க என்றாள். அவள் பேச்சுக்கு அப்போது மதிப்பு இல்லை. குழாய் அடைத்தது அவள் கணக்கால் அல்லவா?

அந்த இடத்தில் மாதேஷ் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு சிட்டிகை வண்டல் போதும் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முன்பே தெரியுமா என்று கேட்பார்களே! அவன் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தீர்மானம் நிறைவேறியது.

அம்சவேணி பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அந்த நாற்காலியில் மாதேஷை உட்காரவைத்தார்கள். அவன் ஆசைப்பட்டது அதுதான். உட்கார்ந்த முதல் நாளே உறை ஊற்றியிருந்தால் கொஞ்சமாவது மன்னிக்கலாம். உட்கார்ந்ததும் கண்டுபிடித்தால் சந்தேகப்படுவார்கள் என்று காத்திருந்தான். ஒப்புக்குச் சோதனைகள் செய்தான், தோற்பது போலத் தோற்றான். அம்சவேணி தினமும் அவன் கூடத்துக்கு வந்து பாட்டில் கழுவிக் கொடுத்தாள். குடத்து வடிகட்டிப் பொடி தீர்ந்துபோய், புதுப் பொடி வராமல், ஊர் முழுக்க வெறும் கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மகள் கொன்றையும் குடித்தாள். அப்போது அவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த பிள்ளை. ஆற்றுத் தண்ணீர் ஒரு குடமாவது தனியாக வாங்கி வைக்கலாம் என்று மாதேஷ் சொன்னபோது, ஊருக்கெல்லாம் ஒன்று நமக்கு ஒன்றா, என் தப்புக்கு என் பிள்ளையும் சேர்ந்தே குடிக்கட்டும் என்று அம்சவேணி மறுத்துவிட்டாள்.

மழைக்காலம் வந்து போனது. போதுமான அளவு தோற்றுவிட்டோம் என்று தோன்றியதும் அவன் கண்டுபிடித்தான். பழைய வண்டலில் ஒரு பங்கைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டான். ஃபுளோரைடு மொத்தமும் கீழே இறங்கியது. பலகைகளிலிருந்து துத்தநாகம் மறுபடி தோசையாக உரிந்து வந்தது. ஆற்றுத் தண்ணீர் ஊருக்குத் திரும்பியது. தீர்த்தகிரி மாலை போட்டார். கறிக்கடைக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்று வீட்டில் அம்சவேணி அவன் தட்டில் சோறு போட்டபடி சொன்னாள். “எனக்குப் பொறாமையா இருக்கு மாமா. உறை ஊத்தறது தெனம் என் கைல நடக்கற வேலை. எனக்கு ஏன் தோணலை?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சொன்னதோடு அவள் பொறாமை தீர்ந்துபோனது, அவன் கண்ணெதிரிலேயே. இவளுக்கு இது இத்தனை சுலபமா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

வருடங்கள் போயின. ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கொன்றைக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் மருத்துவர் அந்த வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, பெற்றோரை வரச் சொன்னார். மற்ற வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் பல் வெள்ளையாக இருந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்பல்லில், ஏறக்குறைய ஒரே உயரத்தில், குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு காலம் மட்டும் ஃபுளோரைடு உள்ளே போயிருக்கிறது, அந்தக் காலம்தான் இந்தக் கோடு, இது அழியாது என்றார் மருத்துவர். கொன்றை அதற்குப் பிறகு சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்ளப் பழகினாள்.

அம்சவேணி மகளின் வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அந்த வாரம்தான். ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த பந்தலில் அவள் ஒலிவாங்கியை வாங்கினாள்.

“நம்ம புள்ளைங்க பல்லுல இருக்கற கோடு நான் போட்டது,” என்றாள். “என் குவளையில படிஞ்சது தொட்டியிலயும் படியும்னு நெனச்சேன். பெரிய தொட்டியில ஒரு தடவ சரியா பாக்காம ஓட்டுனது என் தப்பு. அதனாலதான் உங்க தண்ணிய எடுத்தாங்க. இந்தப் புள்ளைங்க பெருசாகி யாரு இதுன்னு கேட்டா, என் பேரைச் சொல்லுங்க.”

முன்வரிசையில் ஒருத்தி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி வந்தாள். தண்ணியை எடுக்கச் சொன்னது நானம்மா, நீ வேண்டாம்னுதான சொன்னே என்றார் தீர்த்தகிரி. ஊரே அவளைச் சுற்றி நின்று அழுதது.

மாதேஷ் மேடையில் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது அதே பழைய எரிச்சல்தான். வேலையை அவள் எடுத்துக்கொண்டாள், பெயரை எடுத்துக்கொண்டாள், இப்போது தப்பையும் எடுத்துக்கொண்டாள். அந்தத் தப்பு அவனுடையது. வாழ்க்கையில் அவன் தனியாக, யார் துணையும் இல்லாமல் செய்த ஒரே காரியம் அது. அதற்குக் கிடைக்க வேண்டியதைக்கூட அவள் வாங்கிக்கொண்டு போகிறாளே என்று இருந்தது. இப்படியும் ஒரு மனிதன் பொறாமைப்படுவானா என்றால், படுவான்.

எழுந்துபோய் அவள் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினான். எனக்கு முன்பே தெரியும் என்றான். குழாய் அடைக்கும் என்று தெரியும், உறை ஊற்றினால் படியும் என்று தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, நாற்காலி கிடைத்த பிறகும் சொல்லவில்லை, கோடு போட்டவன் நான் என்றான். முழுதாகச் சொன்னான்.

ஆயிரம் பேரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து கைத்தட்டல் தொடங்கியது. அது பரவிப் பந்தல் முழுக்க ஆனது. பெஞ்சாதி மேல விழற பழியத் தன் தலையில வாங்கிக்கறான் பாரு, புருஷன்னா இப்படி இருக்கணும் என்றாள் ஒரு பெண். தீர்த்தகிரி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். இல்லை, நான் சொல்வது நிஜம் என்று அவர் தோளில் முகம் அழுந்தியபடி அவன் சொல்லிப் பார்த்தான். தெரியும்ப்பா, தெரியும் என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அம்சவேணி கை தட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொன்றையை விளையாட அனுப்பிவிட்டு, அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

“என் குவளையிலயும் பழைய உப்புதான் ஒட்டியிருந்துச்சுன்னு இப்ப எனக்குத் தெரியும். உனக்கு எப்பத் தெரியும்?”

“தொட்டியில போடறதுக்கு முன்னாடி. நீ இல்லாதப்ப எடுத்துப் பாத்தேன்.”

“எங்க ஒட்டியிருந்துச்சு?”

“பாதிக்குக் கீழ. ஊத்தற மூக்கு இருக்கற பக்கம் அதிகமா.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்குத் தெரிந்து அந்தக் குவளையை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை. படலம் எந்தப் பக்கம் இருந்தது என்பது பார்த்தவனுக்கு மட்டுமே தெரியும். தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள்.

“கொன்றைகிட்ட இந்த வாரம் பூரா நான்தான் காரணம்னு சொல்லிட்டு இருந்தேன்,” என்றாள். பிறகு, “நீ சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. நான் சொன்னா நம்புவாங்க. சொல்லட்டுமா?”

அவன் தலை குனிந்து நின்றான். வேலை போகும், ஊரில் முகம் காட்ட முடியாது, மகள் என்ன நினைப்பாள் என்பதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவை எல்லாவற்றுக்கும் அவன் தயாராகத்தான் இருந்தான்.

“சொல்லு,” என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் சொன்னால் நம்புவார்கள். அவன் உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை. வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதேஷுக்கு, அப்போதும் அதுதான் வலித்தது.